பின்சீட்டின் இடது ஃபுட்ரெஸ்ட்

என் செல்ல மகனே,

நீ சுகமாக இருக்கிறாய் என்பது உன் கையெழுத்து துள்ளுகிற துள்ளலிலேயே தெரிகிறது. அதனால் அதை விசாரித்து ஒரு வரியை வீணாக்கவில்லை. நானும் சுகம்தான். முழங்கால் மட்டும் மழை வருவதற்கு முன்னாலேயே எனக்குத் தகவல் சொல்லிவிடுகிறது. உன் கடிதத்தை முதல் தடவை படித்தபோது சிரித்தேன். நீ எழுதினால் யாருக்கும் சிரிப்பு வரும், அது உன் அப்பாவிடமிருந்து வந்தது. இன்னொரு தடவை படித்தபோது கோபம் வந்தது. கோபத்தோடு பேனாவை எடுக்கக்கூடாது என்று கொஞ்சம் ஆறப்போட்டுவிட்டுத்தான் இப்போது உட்கார்ந்திருக்கிறேன். முழுசாக ஆறவில்லை. நீ என் பிள்ளை, பொறுத்துக்கொள்.

வண்டியோடு கம்பெனி கொடுத்த ஃபுட்ரெஸ்டைக் கழற்றி எறிந்துவிட்டு, சாலைக் கடைத்தெருவில் பளபளவென்று வேறு ஒரு ஜோடி வாங்கி மாட்டினாய். உன் புதுப்பெண் ஸ்டெல்லாவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரி டியூட்டிக்குக் கொண்டுவிடப் போனாய். கரமனை வளைவில் இடது பக்க ஃபுட்ரெஸ்ட் இளகிக் கீழே தொங்க, அவள் சரிந்து, உன் சட்டையைப் பிடித்து இழுத்ததில் பொத்தான்கள் தெறிக்க, சோற்றுப் பாத்திரம் ரோட்டில் உருண்டு போய் ஒரு ஆட்டோக்காரர் காலடியில் நின்றது. இதையெல்லாம் நாடகம் மாதிரி எழுதியிருக்கிறாய். அவள் முழங்கை சிராய்த்ததை மட்டும் ஒரு மூலையில், அவசரமாக, எழுதியிருக்கிறாய். அதற்கும் முன்னால் இன்னொரு வரி இருக்கிறது. "ஆடுது, ஆடுதுண்ணு அவ ரெண்டு நாளா சொல்லிட்டுதான் இருந்தா, புதுசு அப்படித்தான் இருக்கும்ணு நான் சொன்னேன்." இந்த வரியில்தான் எனக்குக் கோபம் வந்தது.

இப்போது அவள் வண்டியில் ஏறமாட்டேன் என்கிறாள். பஸ் மாறி மாறிப் போகிறாள். கல்யாணப் புடவையின் மடிப்புகூடக் கலையாத வீட்டில் காலையில் ஆளுக்கொரு வாசல் வழியாகப் போகிறீர்கள். நீ எனக்கு எழுதுகிறாய்: "அம்மா, நீங்க ஒரு வார்த்தை அவளுக்கு எழுதுங்க. அப்பாவுக்குப் பின்னால காலமெல்லாம் போன தைரியசாலியாக்கும் நீங்க. நீங்க சொன்னா கேப்பா." மக்கா, அந்த ஒரு வார்த்தையை நான் அவளுக்கு எழுதமாட்டேன். எழுத வேண்டியது உனக்குத்தான் நிறைய இருக்கிறது. தைரியத்தைப் பற்றி ஒன்றும் சொல்லப் போவதில்லை, ஃபுட்ரெஸ்டைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். இதில் உள்ளர்த்தம் எதையும் தேடாதே. வேலையில் இருந்த காலமெல்லாம் பிள்ளைகளை உள்ளர்த்தம் தேடவைத்த வாத்திச்சி சொல்கிறேன், இந்தக் கடிதத்தில் நட்டு என்றால் நட்டு, போல்ட்டு என்றால் போல்ட்டு.

உன் அப்பாவின் வண்டியை நீ போட்டோவில்தான் பார்த்திருக்கிறாய். நீ நடக்கத் தொடங்குவதற்கு முன்னாலேயே அதை விற்றாயிற்று. யுத்தம் முடிந்து பட்டாளத்துக்காரர்கள் ஏலம் விட்ட வண்டி அது. நெய்யாற்றின்கரையில் ஒரு ரைஸ்மில்காரர் எடுத்து, ஓட்டத் தெரியாமல் வைக்கோலுக்குள் வைத்திருந்ததை அப்பா வாங்கினார். அப்போது அவருக்குக் கள்ளிக்காட்டில், நெய்யாற்றில் அணை கட்டுகிற இடத்தில், பம்பும் எஞ்சினும் பார்க்கிற வேலை. பட்டாள வண்டிக்குப் பின்சீட்டு கிடையாது. சாமான் கட்டுகிற ஒரு இரும்புச் சட்டம்தான் இருந்தது. என்னைப் பெண் பார்த்து நிச்சயித்த பிறகு, அந்தச் சட்டத்தின் மேல் ஒரு சீட்டு வைத்தார். வேறு ஏதோ ஒரு வண்டியிலிருந்து கழற்றின ஒரு ஜோடி ஃபுட்ரெஸ்ட் வாங்கி, துளை பொருந்தாததை வாஷர் போட்டு நிரப்பி, இரண்டு பக்கமும் மாட்டினார். நிச்சயதார்த்தத்துக்கும் கல்யாணத்துக்கும் இடையில் மாப்பிள்ளை செய்த ஏற்பாடு இது ஒன்றுதான் என்று என் வீட்டில் கேலி பேசினார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. என் கால் வைக்க ஒரு இடம் வேண்டும் என்று ஒரு ஆள் யோசித்திருக்கிறாரே என்று நினைத்தேன்.

அது எல்லைப் போராட்டக் காலம். தமிழ் பேசுகிற தாலுகாக்களைச் சென்னை மாநிலத்தோடு சேர்க்க வேண்டும் என்று கேட்டார்கள், நம் நெய்யாற்றின்கரைத் தாலுகாவும் அந்தக் கோரிக்கையில் உண்டு. ஊர்வலம், கடையடைப்பு, தடியடி. தெற்கே துப்பாக்கிச் சூடு நடந்து ஆட்கள் செத்திருந்தார்கள். ஒரே வீட்டில் தமிழில் ஜெபம் பண்ணி மலையாளத்தில் சந்தைக்குப் போய்வந்த எங்களைப் பார்த்து, நீ எந்தப் பக்கம் என்று திடீரென்று எல்லோரும் கேட்கத் தொடங்கினார்கள். பாறசாலையில் என் அத்தை வீட்டு விருந்துக்குப் போய்விட்டு நாங்கள் திரும்பி வந்துகொண்டிருந்தோம். உதியன்குளங்கரைப் பக்கம் மரச்சீனிக்கிழங்குத் தோட்டத்துக்குள்ளிருந்து ஒரு கல் வந்து பெட்ரோல் டேங்கில் பட்டது. எறிந்தவன் எந்தப் பக்கத்து ஆளோ தெரியாது. வண்டி பட்டாளப் பச்சை நிறத்தில் இருந்ததால் போலீஸ் வருகிறது என்று நினைத்திருப்பான். அன்றைக்குப் போலீஸ் மேல் எல்லாப் பக்கத்தாருக்கும் கோபம் இருந்தது. டேங்கில் விழுந்த அந்தக் குழியை அப்பா விரலால் தடவித் தடவிப் பார்த்தார். நிறத்தை மாற்றிவிடுவது என்று அங்கேயே முடிவு செய்துவிட்டார்.

அவசரத்துக்கு இன்னொரு காரணமும் இருந்தது. எனக்குத் தனுவச்சபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சர் வேலை கிடைத்திருந்தது. சேர வேண்டிய நாளில்தான் பள்ளிக்கூட இன்ஸ்பெக்டரும் வருகிறார். பழைய டீச்சர் விலகிப் போய்விட்டார். இன்ஸ்பெக்டர் வரும்போது தமிழ் வகுப்பில் ஆசிரியை இல்லையென்றால், பிள்ளைகளை மலையாள வகுப்போடு சேர்த்துவிடுவார்கள், அதற்குமேல் தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்று ஹெட்மாஸ்டர் ஆள் விட்டுச் சொல்லியிருந்தார். அவர் மலையாளி, ரொம்ப நல்ல மனிதர். அந்த நாளில் கடையடைப்பும் வந்துவிட்டது. பஸ் கிடையாது. கள்ளிக்காட்டிலிருந்து தனுவச்சபுரத்துக்கு நடந்து போய் மணியடிப்பதற்குள் சேர முடியாது. வண்டிதான் வழி. பச்சை வண்டியில் போனால் கல் வரும். அதனால் முந்தின நாள் சாயங்காலம் உன் அப்பா வண்டியைப் பிரித்துப்போட்டுப் பெயின்ட் அடித்தார். கோயில் ஜன்னலுக்கு அடித்து மிஞ்சின நீலப் பெயின்ட்தான் கையில் இருந்தது. மனிதருக்கு எதையும் அரைகுறையாகச் செய்யப் பிடிக்காது. ஃபுட்ரெஸ்டைக் கழற்றி, அது உட்காருகிற இரும்பின் முகத்திலும், போல்ட்டின் திருகு மரையிலும், வாஷரிலும்கூட விடாமல் நீலம் பூசினார். பிறகு அதன் மேலேயே வைத்து முறுக்கினார்.

"காயாண்டாமா?" என்று நான் கேட்டேன்.

"காஞ்சிரும் பிள்ளே. பெயின்டாக்கும், கஞ்சி இல்ல" என்றார்.

மக்கா, இதை நன்றாகக் கேட்டுக்கொள். நட்டு முறுக்குவது எதற்கு? இரும்பும் இரும்பும் ஒன்றையொன்று கடித்துப் பிடிப்பதற்கு. நடுவில் பெயின்ட் இருந்தால் கடிப்பது பெயின்டை. அது நசுங்கி, உதிர்ந்து, அந்த அளவு இடைவெளி விழும். நட்டு நின்ற இடத்திலேயே நிற்கும், ஆனால் பிடி போயிருக்கும். பார்த்தால் தெரியாது. நீ வாங்கின பளபளப்பு ஃபுட்ரெஸ்டிலும் உட்காருகிற முகத்தில் ஏதாவது பூச்சு இருக்கும், போய்ப் பார். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து அந்த முகத்தை மட்டும் வெறும் உலோகமாக்கு. வண்டிச் சட்டத்தில் அது பொருந்துகிற இடத்தையும் அப்படியே செய்.

காலையில் புறப்பட்டோம். நான் வழக்கம்போல ஒருபக்கமாக, கால் இரண்டையும் இடதுபக்க ஃபுட்ரெஸ்டில் வைத்து, உட்கார்ந்திருந்தேன். ஒற்றசேகரமங்கலம் வருவதற்குள்ளாகவே அடியில் லேசாக ஆடுவது தெரிந்தது. சொல்லவில்லை. கல்யாணமாகி அதிக நாளாகவில்லை. ராத்திரி ஆகாரம்கூட ஒழுங்காகச் சாப்பிடாமல் முறுக்கின நட்டை, ஏறி உட்கார்ந்ததும் ஆடுகிறது என்று சொல்ல நாக்கு வரவில்லை. பெருங்கடவிளை தாண்டி ஒரு குண்டு குழியில் வண்டி இறங்கி ஏறினபோது என் காலுக்கு அடியில் ஒன்றுமே இல்லை. நான் சரிந்து அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டேன். வண்டியைப் பக்கத்து வேலியில் சாய்த்து நிறுத்திவிட்டார். ஃபுட்ரெஸ்ட் கிடைத்தது. போல்ட்டு கிடைக்கவில்லை. இருவரும் குனிந்து புழுதியைத் துழாவினோம்.

"எங்கியாவது பட்டுதா?"

"இல்ல."

"அந்த வீட்டுல கொஞ்சம் இருந்துக்கோ. நான் போல்ட்டு தேடி எடுத்துட்டு வாறேன்."

"மணியடிச்ச பெறவு போய் என்னத்துக்கு? வலது பக்கம் இருக்குல்லா. நான் ரெண்டு பக்கமும் கால் போட்டு இருக்கேன்."

அவர் ரோட்டின் இரண்டு பக்கமும் பார்த்தார். அந்தக் காலத்தில் நம் பக்கத்தில் ஒரு பெண் அப்படி உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. "ஆளுவ பாத்தா என்னவாக்கும் சொல்லுவாவ?"

"டீச்சரு வேலைக்குப் போறாண்ணு சொல்லுவாவ."

"இடது காலு எங்க வைப்ப? அந்தப் பக்கம் செயினாக்கும். சீலைய இழுத்துரும்." கொஞ்சம் யோசித்தார். பிறகு சொன்னார்: "என் காலு மேல வையி."

கொசுவத்தை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினேன். வலது கால் அந்தப் பக்கத்து ஃபுட்ரெஸ்டில், இடது கால் அவர் பாதத்தின் மேல். அந்த வண்டிக்கு இடது காலில்தான் பிரேக். என் பாதம் அவர் பாதத்தை அமுக்கிக்கொண்டிருந்ததால் அதை அவரால் தொட முடியாது. கைப் பிரேக்கை வைத்துக்கொண்டு, இறக்கத்தில் எல்லாம் கியரைக் குறைத்து, மெதுவாக ஓட்டினார். அவர் போட்டிருந்தது வார்ச் செருப்பு. ஒவ்வொரு குழியிலும் என் முழு எடையும் அந்த விரல்களின் மேல் இறங்கியது. "வலிக்குதா?" என்று அவர் காதுக்குப் பக்கத்தில் கத்தினேன். "இல்ல. நீ கால எடுக்காத" என்றார். அவர் சொன்ன அந்தப் பொய் எனக்கு அப்போதே பொய் என்று தெரியும். அந்த இடத்தில்தான் அவரை எனக்குப் பிடித்துப்போனது. பெண் பார்த்தபோதும் கோயிலில் கைபிடித்தபோதும் பயம்தான் இருந்தது.

அமரவிளைப் பாலத்துக்கு முன்னால் தென்னந்தடியைக் குறுக்கே போட்டு ரோட்டை அடைத்திருந்தார்கள். இளவட்டங்கள் கொஞ்சம் பேர், கொடி வைத்துக்கொண்டு நின்றார்கள்.

"எலே, நிறுத்து! எங்கயாக்கும்?"

"பள்ளிக்கூடத்துக்கு" என்றார் அப்பா.

"இண்ணைக்கு எந்தப் பள்ளிக்கூடம் உண்டு?"

எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. "தமிழ் கிளாஸு. நான் இண்ணைக்கு போவல்லேண்ணா அந்தப் பிள்ளைகளுக்கு இனி தமிழ் இல்ல. நிங்க ஆருக்காக இந்த ரோட்ட அடைச்சிருக்கிய?" என்று கேட்டேன். நான் உட்கார்ந்திருந்த கோலத்தைப் பார்த்து வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டிருந்தவர்கள் கையை இறக்கினார்கள். அவர்களில் கொஞ்சம் மூத்தவன் ஒருவன், "தடிய மாத்துங்கலே. டீச்சராக்கும்" என்றான். வண்டியைத் தள்ளிவிட உதவினவன் ஒருவன் தன் உள்ளங்கையைப் பார்த்து, "அண்ணே, பெயின்டு ஒட்டுது" என்றான். பாலத்துக்கு அந்தப் பக்கம் நின்ற போலீஸ்காரர் எங்களை நிறுத்தக் கையைத் தூக்கினார். என்னைப் பார்த்ததும் வெட்கப்பட்டு முகத்தை ஆற்றுப் பக்கம் திருப்பிக்கொண்டார். கை மட்டும் தூக்கினபடியே இருந்தது. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் எங்களை விட்டுவிட்டார்கள்.

ஹெட்மாஸ்டர் வராந்தாவிலேயே நின்றுகொண்டிருந்தார். "வந்நோ டீச்சரே! கேறி வரூ, கேறி வரூ" என்று உள்ளே ஏறி வரக் கூப்பிட்டார். என் வெள்ளைச் சீலையில் கோயில் ஜன்னல் நீலம் அங்கங்கே அப்பியிருந்தது. பிள்ளைகள் சிரித்தார்கள், நானும் சிரித்துவிட்டுப் பாடத்தைத் தொடங்கினேன். இன்ஸ்பெக்டர் வந்து எட்டிப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார். தமிழ் வகுப்பு நின்றுவிடவில்லை. பிறகு எல்லையை வேறு மாதிரி வரைந்தார்கள், நாம் கேரளத்தில் இருந்துவிட்டோம், அந்த வகுப்பும் அங்கேயே இருந்தது.

இதுவரைக்கும் உனக்குக் கொஞ்சம் கொஞ்சம் தெரிந்திருக்கும். உன் அப்பா அமரவிளைப் பாலத்துக் கதையைச் சாப்பாட்டு மேசையில் எத்தனையோ தடவை நடித்துக் காட்டியிருக்கிறார். இனிமேல் சொல்லப்போவதை உன்னிடம் சொல்லக்கூடாது என்று என்னிடம் வாக்கு வாங்கியிருந்தார். அவர் போன பிறகும் அதைக் காப்பாற்றிக்கொண்டுதான் இருந்தேன். இன்றைக்கு உடைக்கிறேன். பரலோகத்தில் என்னிடம் சண்டை போட்டால் போட்டுக்கொள்ளட்டும்.

அன்று சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வெளியே வந்தேன். அப்பா எங்கிருந்தோ ஒரு போல்ட்டு தேடி மாட்டி, வண்டியோடு நின்றுகொண்டிருந்தார். "இப்பம் சரியாக்கியாச்சு. ஏறு" என்றார். நான் ஒரு அடி பின்னால் வைத்தேன். காலையில் வேலை போய்விடுமே என்கிற பதற்றத்தில் பயத்துக்கு நேரம் இருக்கவில்லை. இப்போது அது மொத்தமாக வந்து சேர்ந்தது. "நான் இனி இந்த வண்டியில ஏறமாட்டேன்" என்றேன். ஸ்டெல்லா சொன்னதாக நீ எழுதியிருக்கிறாயே, அதே சொல்.

"என்னய நம்பல்லியா?"

"நிங்கள நம்புதேன். போல்ட்ட நம்பல்ல."

அத்தை வீட்டுக்கு நடந்தேன். அவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு, நொண்டி நொண்டிக் கூடவே வந்தார். என்னை அங்கே விட்டுவிட்டுக் கள்ளிக்காட்டுக்குப் போனார். நான் அத்தை வீட்டிலிருந்தே பள்ளிக்கூடத்துக்குப் போய்வந்தேன். பஸ் ஓடத் தொடங்கின பிறகும் அங்கேயே இருந்தேன். கள்ளிக்காட்டிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்தால் மணியடித்த பிறகுதான் பள்ளிக்கூடம் சேர முடியும். வண்டி இல்லையென்றால் வேலை ஒரு இடம், புருஷன் ஒரு இடம். கோயிலில் பெண்கள் என் முகத்தைப் பார்த்து ஒரு மாதிரி சிரித்தார்கள். புதுப்பெண் அத்தை வீட்டில் தங்கிவிட்டால் என்ன பேசுவார்கள் என்று உனக்கே தெரியும். அவர் இல்லாமல் இருப்பது எனக்குக் கஷ்டமாக இருந்தது, வெளிப்படையாகவே சொல்கிறேன். ஆனால் அந்தச் சீட்டை நினைத்தாலே காலுக்கு அடியில் ஒன்றும் இல்லாத அந்த நொடி வந்துவிடும்.

ஒரு சனிக்கிழமை, சந்தை நாள், அத்தை வாசலிலிருந்து கூப்பிட்டாள். "எடீ, இஞ்ச வா! உன் மாப்பிள என்னவாக்கும் இந்தக் கோலத்துல?" நான் ஓடிவந்து பார்த்தேன். நீல வண்டி வருகிறது. ஓட்டுவது தாசையன், அப்பாவோடு அணையில் வேலை பார்க்கிறவர். பின்சீட்டில் உன் அப்பா. மீசையும் தோளுமாக அவ்வளவு பெரிய ஆள், வேட்டியை ஒழுங்காக இழுத்துவிட்டுக்கொண்டு, பெண்கள் உட்காருகிற மாதிரி ஒருபக்கமாக, கால் இரண்டையும் இடதுபக்க ஃபுட்ரெஸ்டில் சேர்த்து வைத்து உட்கார்ந்திருந்தார். கள்ளிக்காட்டிலிருந்து அப்படியே வந்திருக்கிறார். சந்தை முக்கில் ஆட்கள் கூடிவிட்டார்கள். "எலே, புதுப்பொண்ணு வருது, வழிய விடு!" என்று ஒருவன் கூவினான். மீன்காரப் பெண்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தார்கள். தாசையனுக்கு வெட்கம் தாங்கவில்லை, வண்டியை விரட்டப் பார்த்தார். அப்பா அவர் முதுகில் தட்டி நிறுத்தினார். இறங்கினார். ஸ்பேனரை எடுத்து நட்டைத் தொட்டுப் பார்த்தார். மறுபடி, நான் ஏறுகிற மாதிரியே, ஒரு காலை ஃபுட்ரெஸ்டில் ஊன்றி ஒரு உந்து உந்தி ஏறி உட்கார்ந்தார். அத்தை வீட்டைத் தாண்டிப் போனார்கள், திரும்பி வந்தார்கள், மறுபடி போனார்கள். ஒவ்வொரு தடவையும் இறங்கி நட்டைப் பார்த்தார்.

பிறகு முற்றத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கழற்றினார். நான் கேட்காமலே சொன்னார். ஓட்டுகிறவனுக்குப் பின்சீட்டு ஃபுட்ரெஸ்ட் இளகுவது எந்தக் காலத்திலும் தெரியாது, அவன் கால் அதில் படுவதே இல்லை. ஒருபக்கமாக உட்கார்ந்தால் முழு எடையும் ஒரே ஃபுட்ரெஸ்டில் விழுகிறது. போதாததற்கு ஏறும்போது ஒரு உந்து, இறங்கும்போது ஒரு உந்து. ஒவ்வொரு உந்துக்கும் அது ஒரு மயிரிழை திரும்புகிறது. இது பின்னால் உட்கார்ந்து பார்த்த பிறகுதான் தனக்குப் புரிந்தது என்றார். நீலப் பெயின்டைச் சுரண்டி இரும்பை வெளியே கொண்டுவந்தார். மரையை மண்ணெண்ணெயில் கழுவித் துணியால் காயத் துடைத்தார். ஸ்பிரிங் வாஷர் போட்டார், நட்டின் மேல் இன்னொரு நட்டு போட்டு இரண்டையும் எதிரெதிராக இறுக்கினார், போல்ட்டின் நுனியில் துளையிட்டு ஒரு இரட்டைக்கால் பின்னைச் செருகி அதன் கால்களை மடக்கிவிட்டார்.

நீயும் இதையெல்லாம் செய்ய வேண்டும். முதலில் நீ வாங்கின ஃபுட்ரெஸ்ட் உன் வண்டிக்குச் சரியாகப் பொருந்துகிறதா என்று பார். போல்ட்டு நுழைகிற துளை பெரிதாக இருந்தால் தகரத்தை மடித்துச் சொருகி ஒப்பேற்றாதே, கடையிலேயே திருப்பிக் கொடு. சின்ன வயதில் சைக்கிள் ஹாண்டிலுக்குள் தீப்பெட்டி அட்டையைச் சொருகிக்கொண்டு வந்து நின்ற ஆள் நீ, அதனால்தான் சொல்கிறேன். இப்போது மரையில் விடுவதற்கு ஒரு பசை வருகிறதாம், அதுவும் நல்லதுதான். ஆனால் மரையில் எண்ணெய் இருந்தால் அது பிடிக்காது, கழுவிக் காயவைத்து ஒரு சொட்டு விடு. முறுக்கின பிறகு நட்டுக்கும் சட்டத்துக்கும் சேர்த்து ஒரு கோடு போடு. ஸ்டெல்லாவிடம் நகப்பூச்சு இருக்கும், கோபம் தணிந்திருந்தால் தருவாள். கோடு உடைந்திருந்தால் நட்டு திரும்பியிருக்கிறது என்று அர்த்தம். புதிதாக மாட்டினது ஒரு ஓட்டம் ஓடினால் கொஞ்சம் அமரும், அதனால் முதல் ஓட்டம் முடிந்து வந்ததும் மறுபடி ஸ்பேனர் வைத்துப் பார். பிறகும் வாரத்துக்கு ஒரு தடவை, கோயிலுக்குப் புறப்படும் முன், ஒரு பார்வை போதும். எல்லாவற்றுக்கும் மேலாக, அவள் ஆடுகிறது என்று சொன்னால் அந்த இடத்திலேயே நிறுத்து. நீ உட்காராத இடத்தைப் பற்றி அவளுக்குத்தான் தெரியும்.

இவ்வளவையும் செய்துவிட்டு, உன் சிநேகிதன் யாரையாவது ஓட்டச் சொல்லிவிட்டு, நீ பின்னால் உட்கார். ஒருபக்கமாக உட்கார். கரமனை வழியாகப் போ, உன் ஆபீஸ் ஆட்கள் பார்க்கிற நேரமாகப் பார்த்துப் போ. வெட்கமாக இருக்கும். உன் அப்பாவுக்கும் இருந்தது. பாறசாலைச் சந்தையில் அவரைப் பிறகு ரொம்ப காலம் "பொண்ணே" என்றுதான் கூப்பிட்டார்கள். அதனால்தான் உன்னிடம் சொல்லக்கூடாது என்று வாக்கு வாங்கினார். அந்தக் கூப்பாட்டை எல்லாம் அவர் எனக்காகக் கேட்டுக்கொண்டார். என்னைத் தைரியசாலி என்று எழுதியிருக்கிறாயே, அதை அடித்துவிடு மக்கா. நான் பயந்தாங்கொள்ளி. நான் உட்கார வேண்டிய இடத்தில் எனக்கு முன்னால் அவர் உட்கார்ந்து பார்த்தார், அதனால் காலமெல்லாம் பின்னால் உட்கார்ந்து போனேன். அவர் இல்லாத இந்த வீட்டில் இதை எழுதும்போது கண் நிறைகிறது, எழுத்து கோணலாக இருந்தால் மன்னித்துக்கொள்.

அன்று எல்லாம் முறுக்கி முடித்ததும், அப்பா வண்டியைத் துடைத்து முற்றத்தில் நிறுத்தினார். கிணற்றடியில் கையைக் கழுவினார். அத்தை கொடுத்த, பால் விடாத கட்டன்சாயாவை வாங்கிக்கொண்டு தாசையனோடு அணையில் தண்ணீர் ஏறுவதைப் பற்றிப் பேசத் தொடங்கினார். ஏறு என்று சொல்லவில்லை. இப்போது நம்புகிறாயா என்று கேட்கவில்லை. என் பக்கம் பார்க்கக்கூட இல்லை. சாயா ஆறிக்கொண்டிருந்தது, அவர் குடிக்கவும் இல்லை. நான் உள்ளே போய் என் பெட்டியை எடுத்துக்கொண்டு வந்து வண்டிப் பக்கத்தில் நின்றேன்.

அதனால் நீயும் ஸ்டெல்லாவிடம் ஒன்றும் கேட்காதே. வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே போய்விடு. அவள் அன்றைக்கும் பஸ்ஸுக்குப் புறப்பட்டால், பையைத் தூக்கிக்கொண்டு பஸ் நிறுத்தம் வரை கூடப் போ, சும்மா ஏதாவது பேசிக்கொண்டு போ. மறுநாளும் போ. கேட்காமல் இருப்பது உனக்கு எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். அவருக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது, அந்தச் சாயாவைக் குடிக்காமலே கிளாஸை அத்தையிடம் திருப்பிக் கொடுத்தார்.

உங்கள் இருவருக்கும் என் முத்தங்கள்,
அம்மா